வலக்கை எழுதும் மெய்யெழுத்து

கடலூரிலிருந்து சிதம்பரம் போகிற சாலையில் குடிகாட்டைத் தாண்டும்போது சிப்காட் ஆலைகளின் புகைபோக்கிகள்தான் முதலில் கண்ணில் படும். அந்தப் பக்கம் வீணைச் சத்தம் கேட்கும் என்று வெளியூர்க்காரர் யாரும் நினைக்கமாட்டார்கள். எங்கள் தெருவில் கேட்டது. சாயங்காலம் ஐந்து மணிக்குத் திண்ணையில் பாய் விரித்து, ஒரே ஒரு வீணையை வைத்துக்கொண்டு, நாலைந்து பிள்ளைகளுக்கு ஒரு டீச்சர் சொல்லிக்கொடுப்பார். பிள்ளைகள் ஒருவர் மாற்றி ஒருவர் உட்கார்ந்து அதே சரளி வரிசையை வாசிப்பார்கள். சுவருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கும் எனக்கு, இப்போது வாசிப்பது யார் என்று பார்க்காமலே தெரிந்துவிடும்.

ஒருநாள் டீச்சர் ஒரு சிறுமியிடம் சொன்னது காதில் விழுந்தது.

"அடிக்காத கண்ணு, மீட்டு."

"ரெண்டும் ஒண்ணுதானே டீச்சர்?"

டீச்சர் பதில் சொல்லவில்லை. வீணையைத் தன் பக்கம் இழுத்து, அதே மெட்டில், அதே தந்தியை ஒரே ஒருமுறை மீட்டிக் காட்டினார். சிறுமி சும்மா இருந்தாள். இரண்டும் ஒன்றில்லை என்று அவளுக்கும் கேட்டிருக்கும், எனக்கும் கேட்டது.

அன்றிலிருந்து இந்தக் கேள்வி என்னை விடவில்லை. வீணை அதேதான். தந்தியும் மெட்டும் அதேதான். தந்தி நொடிக்கு எத்தனை முறை அதிர்கிறது என்பதும் மாறவில்லை, அதனால் சுரமும் மாறவில்லை. மாறியது வலக்கை மட்டும். கச்சேரியில் நாம் எல்லோரும் பார்ப்பது இடக்கையைத்தான். கமகம் அங்கேதானே நடக்கிறது! வலக்கை ஏதோ விசையைத் தட்டிவிடுகிற வேலையைச் செய்வதாக நினைத்துக்கொள்கிறோம். அப்படியானால் அந்தச் சிறுமியின் ஒலிக்கும் டீச்சரின் ஒலிக்கும் இத்தனை தூரம் எங்கிருந்து வந்தது?

மீட்டும்போது விரல் மூன்று வேலை செய்கிறது. தந்தியில் படுகிறது, கொஞ்சம் இழுக்கிறது, நழுவ விடுகிறது. ஒலி பிறப்பது மூன்றாவது வேலையில். விரல் பிடித்திருக்கும்வரை தந்தி ஊமை, விட்ட கணத்தில்தான் அது பேச ஆரம்பிக்கிறது. சிறுமி மேலிருந்து விரலை ஓங்கித் தந்தியின்மேல் போட்டாள். முந்தைய சுரத்தில் இன்னும் அதிர்ந்துகொண்டிருந்த தந்தியில் நகம் மோதி முதலில் ஒரு 'டப்', அதற்குப் பிறகு சுரம். டீச்சரின் விரலோ முதலில் தந்தியின்மேல் போய் உட்கார்ந்தது. பிறகு இழுத்தது, பிறகு நழுவியது. அடிப்பதற்கும் மீட்டுவதற்கும் முதல் வேறுபாடு இது. ஆனால் கதை இதோடு முடியவில்லை.

கொல்லைப்புறத்தில் இழுத்துக் கட்டிய துணிக்கொடியின் ஒரு முனையைக் குச்சியால் தட்டிப் பாருங்கள். ஒரு மேடு கிளம்பி எதிர்முனைவரை ஓடி, மோதித் திரும்பி வரும். தந்தியிலும் இதுதான் நடக்கிறது. விரல் இழுத்துப் பிடித்திருக்கும்போது தந்தி ஒரு முக்கோணம்; விரல் இருக்கும் இடத்தில் ஒரு முடக்கு. விட்டதும் அந்த முடக்கு இரண்டாகப் பிரிந்து ஒன்று தந்தி ஏறி உட்காரும் குதிரைப் பக்கமும் மற்றது மெட்டுப் பக்கமும் ஓடுகின்றன. ஓடி, மோதி, திரும்பி, மறுபடி மோதி. வீணையை 3 கட்டைக்குச் சுருதி சேர்த்திருந்தால், மெட்டில் கைவைக்காத சாரணி என்னும் முதல் தந்தியில் இந்தப் போய்வரவு நொடிக்கு ஏறத்தாழ 165 முறை நடக்கும். முடக்கு ஓடும் வேகம் நொடிக்கு 250 மீட்டருக்கும் மேல். கண்ணுக்கு அது வெறும் மங்கலாகத் தெரிவதில் வியப்பில்லை.

இந்த முடக்கின் வடிவத்தில்தான் ஒலியின் நிறம் ஒளிந்திருக்கிறது. தந்தி ஒரே சமயத்தில் பல விதமாக அதிரக்கூடியது. முழுத் தந்தியும் ஒரே வீச்சாக ஆடுவது முதல் அதிர்வு. நடுவில் ஒரு புள்ளி அசையாமல் நிற்க, இரு பாதிகளும் எதிரெதிராக ஆடுவது இரண்டாவது, இது மேல் ஸ்தாயி சட்ஜமத்தைத் தரும். மூன்றாகப் பிரிந்தால் மூன்றாவது, அதில் மேல் பஞ்சமம். இப்படியே மேலே போகும். முதல் அதிர்வுக்கு மேலே வரும் இவற்றைப் பள்ளிப் பாடநூல்கள் மேற்சுரங்கள் என்கின்றன. அசையாத புள்ளிக்குக் கணு என்று பெயர். நெல்லிக்குப்பம் ஆலைக்குக் கரும்பு ஏற்றிப்போவதைப் பார்த்து வளர்ந்த எங்களுக்கு அந்தச் சொல்லை விளக்க வேண்டியதில்லை. கரும்பை ஒரே அளவான துண்டுகளாகப் பிரித்து நிற்கிறதே, அதே கணுதான். நாம் கேட்கும் ஒரு சுரம் இந்த அதிர்வுகளின் கூட்டு. எது எவ்வளவு என்கிற விகிதம்தான் ஒலியின் நிறம்.

விகிதத்தை முடிவு செய்வது மீட்டும் இடம். கதவைக் கீல் பக்கம் தள்ளினால் திறக்காது. அதுபோல ஓர் அதிர்வின் கணுவில் விரல் வைத்து மீட்டினால் அந்த அதிர்வு கிளம்பாது. கிட்டாரில் தந்தியின் நீளம் வழக்கமாக 65 செ.மீ. சரிபாதியில் மீட்டினால் 2, 4, 6 என இரட்டைப்படை அதிர்வுகள் எல்லாம் விடுபட்டு, உள்ளே குழிந்தது போன்ற ஒலி வரும். குதிரையிலிருந்து 13 செ.மீ. தள்ளி மீட்டினால் ஐந்தாவது அதிர்வு காணாமற்போகும். குதிரைக்கு மிக அருகே போனால் கீழ் அதிர்வுகள் பலத்தில் குறைய, மேலே உள்ளவற்றின் கை ஓங்கி, ஒலி தகரம் போலக் கூர்மையாகும். கையை நாலு விரற்கடை நகர்த்தினால் போதும், வேறு வாத்தியம்.

இதைக் கண்ணால் கண்டவர் தாமஸ் யங். ஒளியின் அலைத்தன்மையைக் காட்டியவர் என்று நாம் படிக்கிற அதே யங். பியானோவின் தடித்த தந்திமேல் சுற்றியிருக்கும் வெள்ளி பூசிய கம்பியில் சன்னல் வெளிச்சம் ஒரு புள்ளியாக மின்னும்படி வைத்துக்கொண்டு, தந்தியை அதிரவிட்டு, அந்தப் புள்ளி வரைகிற கோலத்தை உருப்பெருக்கியில் பார்த்தார். தன் ஒலி ஆய்வுகளை 1800-இல் வெளியிட்டார். கணுவில் சுண்டினால் அந்த அதிர்வு எழுவதில்லை என்பது அவர் கண்டறிந்தது. பிறகு ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1863-இல் வெளிவந்த தம் பெரிய நூலில் அதை உறுதிப்படுத்தினார். விதிக்கு இருவர் பெயரும் ஒட்டிக்கொண்டது.

இடத்துக்கு அடுத்தது, மீட்டுகிற பொருள். முடக்கு எவ்வளவு கூர்மையோ அவ்வளவுக்கு மேல் அதிர்வுகள் கூடும். விரற்சதை அகலமானது, மெத்தென்றது. அது தந்தியைக் கூராக மடிக்காது, வளைக்கத்தான் செய்யும். நகம் அதைவிடக் கூர். கம்பி இன்னும் கூர். சித்தார்க்காரர்கள் சுட்டுவிரலில் மாட்டும் மிஸ்ராப் இரும்புக் கம்பி. சரோதுக்குத் தேங்காய்க் கொட்டாங்குச்சியைத் தேய்த்துச் செய்த துண்டு. அரபு நாட்டு ஊத் வாத்தியத்தைக் கழுகிறகின் தண்டால் மீட்டினார்கள். அந்த மீட்டுகோலுக்கு ரீஷா என்று பெயர், ரீஷா என்றால் இறகு. ஒவ்வொன்றும் அந்தந்த ஊர்க் காதுக்கு வேண்டிய முடக்கைத் தரத் தேர்ந்த பொருள். வீணையில் இரண்டு வழக்கமும் உண்டு. விரலில் கம்பி மாட்டி வாசிப்பவர்கள் இருக்கிறார்கள். சென்னை ஜார்ஜ் டவுனில் தம் வீட்டில் வெள்ளிக்கிழமை மாலைகளில் வாசித்த வீணை தனம்மாள் (1867–1938) எதுவும் மாட்டாமல் வெறும் விரலால் மீட்டியவர். அந்த மெல்லிய ஒலிக்காகக் கேட்க வந்தவர்கள் அசையாமல் உட்கார்ந்திருந்தார்கள். ஒலி குறைந்ததால்தான் அந்த நிசப்தம் தேவைப்பட்டது. நிசப்தம் இருந்ததால்தான் அந்தச் சதையின் மென்மை காதில் விழுந்தது.

வலக்கையைப் பற்றி இவ்வளவு நுட்பமாக யோசிப்பது நமக்குப் புதிதில்லை. சிலப்பதிகாரத்தின் கானல்வரியில் மாதவி யாழைத் தொடும் இடத்தில், யாழ் நரம்பில் விரல் செய்யும் தொழில்கள் எட்டுக்குப் பெயர் வருகிறது. இசைக்கரணம் என்று அவற்றுக்குப் பொதுப்பெயர். அவற்றில் வார்தல் என்பது சுட்டுவிரலின் வேலை. வடித்தல் என்றால் சுட்டுவிரலும் பெருவிரலும் கூடிச் செய்வது. உருட்டல் என்ற ஒன்றுக்கு மட்டும் பழைய உரை நான்கு வகை சொல்கிறது: இடக்கைச் சுட்டுவிரல் தனியே, வலக்கைச் சுட்டுவிரல் தனியே, சுட்டுவிரலோடு பெருவிரல் கூடி, இரண்டு பெருவிரலும் ஒருங்கே. எந்த விரல், எந்தக் கூட்டு என்று பிரித்துப் பெயர் வைத்திருக்கிறார்கள் என்றால், கேட்டவர்களின் காது அந்த வேறுபாட்டைப் பிரித்தறிந்திருக்கிறது.

யாழ் மறைந்துவிட்டது, பெயர்கள் மிஞ்சின. எங்கள் மாவட்டத்துக்கு அந்த யாழோடு உறவு உண்டு. சம்பந்தரோடு யாழ் வாசித்துக்கொண்டு ஊர் ஊராகப் போன திருநீலகண்ட யாழ்ப்பாணரின் ஊர் எருக்கத்தம்புலியூர். இன்று விருத்தாசலத்துக்குப் பக்கத்தில் இராசேந்திரப்பட்டினம். சிதம்பரத்தில் தேவார ஏடுகள் கிடைத்தபின், அந்தப் பாணர் மரபில் வந்த ஒரு பெண்தான் பாடல்களுக்குப் பண் வகுத்தாள் என்று திருமுறை கண்ட புராணம் சொல்கிறது. 1931 முதல் 1933 வரை சிதம்பரத்து அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ்ப் பேராசிரியராக இருந்த விபுலாநந்த அடிகள் மட்டக்களப்புப் பக்கத்திலிருந்து வந்தவர், லண்டன் பல்கலைக்கழக அறிவியல் பட்டதாரி. சிலப்பதிகார வரிகளையும் கணக்கையும் சேர்த்து வைத்து, மறைந்த யாழின் உருவத்தையும் சுருதிகளையும் மீட்டெடுக்கப் பாடுபட்டார். அந்த உழைப்பின் பலனான அவரது 'யாழ்நூல்' 1947-இல் அரங்கேறியது. அடுத்த சில வாரங்களில் அவர் மறைந்தார். இன்று தஞ்சாவூரில் வீணையாகிற பலாமரமும் எங்கள் பண்ருட்டிப் பக்கத்திலிருந்துதான் போகிறது.

ஒரு நரம்பை ஒரு விரல் மீட்டுவதைவிட, பல தந்திகளைக் கை ஒரே வீச்சில் வருடுவது வேறு வித்தை. கிட்டாரின் ஆறு தந்திகளையும் கை கடக்க எடுக்கும் நேரம் நொடியின் நூறில் இரண்டு மூன்று பங்குக்குள் அடங்கினால் நம் காது அதை ஒரே கொத்தாகக் கேட்கிறது. சற்று நீண்டாலும் தந்தி தந்தியாக உதிர்வது தெரியும். ஸ்பெயின் நாட்டு ஃபிளமென்கோ கலைஞர்கள் இந்த நேரத்தோடு விளையாடுகிறார்கள். விரல்களை உள்ளங்கைக்குள் மடக்கி, ஒன்றன்பின் ஒன்றாக வெளியே விசிறுவார்கள். நகங்கள் நான்கும் வரிசையாகத் தந்திகளைக் கடக்கும். ராஸ்கேயாதோ என்று பெயர். கேரம் பலகையில் ஸ்ட்ரைக்கரைச் சுண்டுகிறோமே, அதே அசைவு. விரலை மடக்கும் தசைகளைவிட விரிக்கும் தசைகள் பலம் குறைந்தவை. அதனால் விரலை எங்காவது தடுத்து முறுக்கேற்றி விடுவிக்க வேண்டும், வருடக்கணக்கில் பழக வேண்டும். சீனத்துப் பீபாவில் ஐந்து விரலும் இப்படி உருளும். சிலம்பின் உருட்டலை நினைக்காமல் அதை என்னால் பார்க்க முடிவதில்லை.

வீணையில் கிட்டார் போல எல்லாத் தந்திகளையும் வாரி வருடுவதில்லை. மொத்தம் 7 தந்திகளில் 4 வாசிப்புக்கு, 3 தாளத்துக்கு. சுட்டுவிரலும் நடுவிரலும் மாறிமாறிக் கீழ்நோக்கி மீட்ட, சுண்டுவிரல் தாளத் தந்திகளை மேல்நோக்கித் தொடும். ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுபோகப்பட்டவர்களின் கைவழியே அமெரிக்காவில் உருவான பான்ஜோவிலும் இப்படி ஒரு தந்தி உண்டு. நீளம் குறைந்த ஐந்தாவது தந்தி, பெருவிரலுக்கென்றே. மற்ற விரல்கள் பாட்டைப் பார்த்துக்கொள்ள, அது ஒரே சுரத்தில் இடைவிடாமல் ஒலித்துக்கொண்டிருக்கும். கடல் கடந்த இரு வேறு மக்கள், ஒரு விரலைச் சுருதிக்கும் தாளத்துக்கும் என்று ஒதுக்கிவைக்கலாம் என்பதைத் தனித்தனியே கண்டுகொண்டார்கள். வீணையில் இந்த விரல் பங்கீட்டின் முழு அழகு தெரிவது, ராகத்தை நடையோடு விரிக்கும் தானம் வாசிக்கும்போது. காரைக்குடி பாணியின் தானத்தைக் கேட்டவர்களுக்கு இதை நான் சொல்ல வேண்டாம். தாளக்கட்டு இல்லை. ஆனாலும் வாசிப்புத் தந்தியும் தாளத் தந்தியும் மாறிமாறிப் பேச, நடை ஒன்று தானே பிறந்து ஓடும். அது முழுக்க வலக்கையின் ராஜ்யம்.

இங்கேதான் எனக்கு ஒன்று பிடிபட்டது. நம் எழுத்தில் 'க' என்பது க், அ இரண்டும் சேர்ந்த உயிர்மெய். மெய் ஒரு கணம் தட்டிவிட்டு மறைந்துவிடும். நீண்டு ஒலிப்பது உயிர். ஆனால் மெய் இல்லாவிட்டால் 'கல்' எது, 'பல்' எது? மீட்டு என்பது மெய். அதற்குப் பின் நீளும் ஒலி உயிர். இடக்கை அந்த உயிரை வளைத்துக் கமகமாக்குகிறது, சொல்லின் தொடக்கத்தை எழுதுவது வலக்கை. சித்தார்க்காரர்கள் இரு திசை மீட்டுகளையும் 'தா', 'ரா' என்று எழுத்தாகவே சொல்லிப் பழகுகிறார்கள். நம் வைணிகர்கள் கீர்த்தனை வாசிக்கும்போது, சாகித்தியத்தில் எழுத்து விழுகிற இடத்தில் மீட்டி, எழுத்து நீளுகிற இடத்தில் மீட்டாமல் இடக்கையால் நகர்வார்கள். கற்றுக்கொள்ளும் பிள்ளை ஒவ்வொரு சுரத்துக்கும் ஒரு மீட்டுப் போடும். தேர்ந்த கை ஒரே மீட்டில் நாலைந்து சுரத்தை இழுத்துவிடும். அதனால்தான் பாட்டு தெரிந்தவருக்கு வீணையில் வார்த்தை கேட்கிறது.

இது வெறும் உவமை இல்லை, சோதிக்கலாம். 1948-இல் பாரிஸ் வானொலி நிலையத்தில் பியர் ஷெஃபர் என்பவர் மணியோசையைப் பதிவு செய்து, அடி விழுகிற தொடக்கத்தை நீக்கிவிட்டுக் கேட்டார். மணி மணியாக இல்லை, ஊதுகிற வாத்தியம் போல மாறிவிட்டது. இன்று செல்பேசியிலேயே செய்யலாம். ஒரு வீணை மீட்டைப் பதிந்து, முதல் கால் நொடியை வெட்டிவிட்டு, யாருக்காவது போட்டுக் காட்டுங்கள். வீணை என்று சொல்லத் திணறுவார்கள்.

ஆனால் மெய் மறைந்தபின் உயிர் நீளமாக நின்றால்தானே இடக்கைக்கு வேலை? வீணையில் அது நிற்கிறது, அதுவும் வாடாமல் நிற்கிறது. இங்கேதான் திருச்சிராப்பள்ளியில் பிறந்த சி.வி. ராமன் வருகிறார். 1930-இல் நோபல் பரிசு வாங்குவதற்கு வெகுகாலம் முன்பே, கல்கத்தாவில் வாத்தியங்களை ஆராய்ந்துகொண்டிருந்தார். மனைவி லோகசுந்தரி வீணை வாசிப்பவர். இந்தியத் தந்தி வாத்தியங்களைப் பற்றி ராமன் 1921-இல் எழுதிய கட்டுரை சில பக்கங்களே. ஆனால் அதில் யங்கும் ஹெல்ம்ஹோல்ட்ஸும் சொன்ன விதி, வீணையிடமும் தம்பூராவிடமும் தோற்றுப்போகிறது.

காரணம் குதிரை. கிட்டாரில் தந்தி ஒரு கூர்முனையில் உட்கார்ந்திருக்கிறது. வீணைக் குதிரையின் உச்சியில் இருப்பது மெல்ல வளைந்த அகலமான உலோகத் தகடு. தம்பூராவில் தந்திக்கும் குதிரைக்கும் இடையே ஜீவாளி நூலைச் செருகி அதே விளைவைக் கொண்டுவருகிறார்கள். தரையில் விரித்த கோரைப்பாயின் ஓரத்தைப் பிடித்துத் தூக்கி இறக்குங்கள். பாய் தரையைத் தொடும் இடம் முன்னும் பின்னும் நகரும். அதிரும் தந்தி ஒவ்வொரு வீச்சிலும் இந்தத் தகட்டின்மேல் அப்படித்தான் படிந்து, உரிந்து, படிகிறது. தந்தியின் நீளம் ஒவ்வொரு வீச்சிலும் மயிரிழை கூடிக் குறைகிறது.

கூர்முனைக் குதிரையில் ஒவ்வோர் அதிர்வும் உயர்ந்த வரப்புக்குள் இருக்கும் தனித்தனி வயல். மீட்டிய கணத்தில் எதில் எவ்வளவு நீர் விழுந்ததோ அவ்வளவுதான், வற்றும்வரை. கணுவில் மீட்டினால் அந்த வயல் காய்ந்தே கிடக்கும். வளைந்த குதிரையோ ஒவ்வொரு வீச்சிலும் வரப்பில் மடை திறந்துவிடுகிறது. வீராணத்துப் பாசனத்தில் மேல்வயல் நிரம்பிக் கீழ்வயலுக்கு வழிவதுபோல, ஓர் அதிர்வின் ஆற்றல் இன்னொன்றுக்குப் பாய்கிறது. விரல் விதைக்காத அதிர்வும் முளைக்கிறது. சீக்கிரம் வாடவேண்டிய மேல் அதிர்வுகளுக்குக் கீழிருந்து நீர் வந்துகொண்டே இருக்கிறது. அந்த ரீங்காரத்தின் மேல்தான் இடக்கை தன் கமகத்தை எழுதுகிறது.

இதை வைத்து யாழைத் திரும்பிப் பார்க்கிறேன். யாழுக்கு மெட்டு இல்லை, வளைந்த தகட்டுக் குதிரை இல்லை. விலங்கின் நரம்பைத் திரித்த தந்தி, மேல் அதிர்வுகளைத் தானே சீக்கிரம் தின்றுவிடும். விரல் எதை விட்டுவிட்டதோ அதைத் திருப்பித் தர அங்கே யாரும் இல்லை. ஒலியின் நிறம் முழுவதும் விரலின் பொறுப்பு. எட்டுக் கரணத்துக்குத் தனித்தனிப் பெயர் தேவைப்பட்டது அதனால்தான் என்று நான் நினைக்கிறேன்.

ராமனின் சோதனையை வீட்டிலேயே செய்யலாம். மெட்டு எதையும் அழுத்தாமல், தந்தியின் சரிபாதியில், அதாவது 12-ஆம் மெட்டுக்கு நேர்மேலே மீட்ட வேண்டும். மீட்டியதும் அதே இடத்தை விரல் நுனியால் மெல்லத் தொட வேண்டும். பாதியில் கணு உள்ள அதிர்வுகள் மட்டுமே அந்தத் தொடலுக்குத் தப்பும். ஆனால் பாதியில் மீட்டியதால் அவைதான் எழவே இல்லையே! ஆகவே ஒலி செத்துப்போக வேண்டும். கிட்டாரில் செய்து பார்த்தேன், 'டொக்' என்று ஏறக்குறைய அடங்கிவிட்டது.

அடுத்த நாள் திண்ணைக்குப் போய் டீச்சரிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் அந்தச் சிறுமியையே கூப்பிட்டார். சாரணியில், 12-ஆம் மெட்டுக்கு மேலே. முதல் தடவை அவள் விரலை ஓங்கிப் போட்டாள், ஒன்றும் தெளிவாக வரவில்லை.

"உக்கார வச்சு விடு கண்ணு," என்றார் டீச்சர்.

சுட்டுவிரலைத் தந்தியின்மேல் உட்காரவைத்தாள். இழுத்து நழுவவிட்டாள். அதே இடத்தைத் தொட்டாள். கீழ்ச் சட்ஜமம் அடங்கியது. மேல் சட்ஜமம், மெல்லிய வெள்ளிக் கம்பி மாதிரி, திண்ணையில் நின்றது. சிறுமி கையை எடுக்காமல் டீச்சரை நிமிர்ந்து பார்த்தாள்.

"இது நான் மீட்டவே இல்லையே டீச்சர்?"

"குதிரை மீட்டுது," என்றார் அவர். "இன்னொரு தடவ மீட்டு, கேப்போம்."